முட்டாள்களின் பணப்பை

வீரமணி தன் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டிய தோரணையில், பணத்தைப் பறிகொடுத்தவராகவே தெரியவில்லை. அலமாரி விற்க வந்தவர் போலத் தெரிந்தார்.

“ஜெர்மன் லாக்கு. கடப்பாரை போட்டாலும் அசையாது” என்றார்.

“அசையலைங்க. அது பாட்டுக்கு அப்படியேதான் நிக்குது. உள்ள இருந்ததுதான் போயிருக்குது” என்றான் பீமாராவ்.

நீலாஞ்சனா தன் உதவியாளனைக் கண்டிக்கவில்லை. அவள் நினைத்ததைத்தான் அவன் சொல்லியிருந்தான். ஒரு வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவில் பத்து வருடம் வேலை பார்த்து, மேலதிகாரிகளைச் சகிக்க முடியாமல் வெளியேறி, திண்டிவனத்தில் துப்பறியும் நிறுவனம் வைத்தவள் அவள். சிங்கவரத்துக்காரனான பீமாராவ் அதற்கு முன் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் போனையும் சரி செய்துவிடுவான். அவன் வாயை மட்டும் யாராலும் சரி செய்ய முடிந்ததில்லை.

செஞ்சியில் மல்லாட்டை எனும் நிலக்கடலையை உடைக்கும் மில் வைத்திருப்பவர் வீரமணி. அலமாரியின் நடுத்தட்டிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று, பென்டிரைவ் அளவில் ஒரு கறுப்புக் கருவி. சின்னத் திரை, இரண்டு பொத்தான்கள். மற்றொன்று, லேமினேட் செய்த நீல அட்டை. அதில் ஆங்கிலத்தில் இருபத்து நான்கு சொற்கள்.

“ஹார்டுவேர் வாலட்டு. இதுக்குள்ளதான் என் ஒன்றரை பிட்காயின் இருந்தது. கோடிக்கு மேல.”

“இதுக்குள்ள இல்ல” என்றாள் நீலாஞ்சனா. “பிட்காயின் எந்தப் பெட்டிக்குள்ளயும் இருக்காது. இன்டர்நெட்டுல எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு பொதுப் பதிவேடு இருக்குது, அதுல இருக்கும். அதை நகர்த்துற சாவிதான் இந்தக் கருவியில இருக்குது. கருவி உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ, இந்த இருபத்து நாலு வார்த்தையை வெச்சு அதே சாவியை வேற கருவியில உண்டாக்கிக்கலாம்.”

“அப்போ அட்டை கையில கிடைச்சா கருவியே வேணாமா மேடம்?” என்றான் பீமாராவ்.

“வேணாம்.”

“சார் ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சிருக்காரு. திருடனுக்கு அலைச்சல் மிச்சம்.”

வீரமணி அவனை ஈயைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நீலாஞ்சனாவிடம் திரும்பினார்.

“இதுக்கு முன்னாடி எதுல வெச்சிருந்தீங்க?” என்று கேட்டாள் அவள்.

“பேப்பர்ல” என்றார், ஒரு காலத்தில் பிச்சை எடுத்ததை ஒப்புக்கொள்கிறவர் போல. “எட்டு வருஷத்துக்கு முன்னாடி என் மாப்பிள்ளை வாங்கிக் குடுத்தாரு. சாவியைக் கட்டம் கட்டமா காயிதத்துல அச்சடிச்சு குடுத்தாரு. நெலத்துப் பத்திரத்தோட கெடந்தது. இந்தச் சித்திரையில எழிலன் சார் கிளாஸுக்குப் போனேன். கோடி ரூபாயைக் காயிதத்துல வெக்கிறவன் முட்டாள்னாரு. அன்னிக்கே அவர்கிட்ட இதை வாங்கி மாத்திட்டேன்.”

“காயிதத்துல எட்டு வருஷம் இருந்தது. இதுல எத்தனை மாசம் இருந்தது?”

வீரமணி விரல் விட்டு எண்ணினார். “நாலு.”

நீலாஞ்சனா அட்டையை எடுத்துப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“இதுல ஒரு வார்த்தையாவது நீங்க கைப்பட எழுதினீங்களா?”

“நான் எதுக்கு எழுதணும்? எல்லாம் பெட்டியிலயே வந்தது.”

அவள் அட்டையைச் செத்த பல்லியை வைப்பதுபோல் இரண்டு விரலால் மேசையில் வைத்தாள்.

“யார் எடுத்தான்னு எனக்குத் தெரியும்மா” என்றார் வீரமணி. “ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு நாப்பதுக்குப் போயிருக்குது. அப்போ மில்லுல இருந்தவன் என் கணக்குப்பிள்ளை ஆதிமூலம் ஒருத்தன்தான். அலமாரிக்கு இன்னொரு சாவி அவன்கிட்ட. இருபத்திரெண்டு வருஷமா எந்த ஊர்க்காரன் எத்தனை மூட்டை போட்டான்னு புக்கைப் பார்க்காம சொல்றவன். இருபத்து நாலு வார்த்தை அவனுக்கு எம்மாத்திரம்? போலீஸ்ல குடுத்துட்டேன். காசை எங்க அனுப்பினான்னு அவன் வாயிலேருந்து வாங்கிக் குடுங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.”

“நான் திருடனைத்தான் கண்டுபிடிப்பேன். நீங்க பொறுக்கி எடுத்த ஆளை ஒப்புக்க வெக்கிறது என் தொழில் இல்ல” என்று சொல்லிவிட்டு நீலாஞ்சனா எழுந்தாள்.

காரில் ஏறியதும் பீமாராவ் கேட்டான். “அட்டையில இன்னா மேடம் பார்த்தீங்க?”

“இருக்கக் கூடாத ஒண்ணை. முதல்ல அந்தக் கணக்குப்பிள்ளையைப் பார்க்கலாம்.”

*

காவல் நிலையத்து வேப்பமர நிழலில் ஆதிமூலத்தின் மனைவி மீனம்பாள் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காராத மாதிரி ஒரு நிற்றல். காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வரச் சொல்கிறார்கள், ஆறு மணிக்கு அனுப்பிவிடுகிறார்கள், இது மூன்றாம் நாள் என்றாள்.

“யாரும் கை வெக்கல. அது வரைக்கும் நல்லது. ஆனா ஊரு வாய் இருக்குதே. என் பொண்ணு காலேஜுக்குப் போகல. ‘உங்கப்பா கோடீஸ்வரனாமே’ன்னு பஸ்ல கேக்குறாங்களாம்.”

உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் ராஜாங்கம் அலுப்போடு எழுந்து நாற்காலி காட்டினார். “புகார் இருக்குது, கூப்புட்டு விசாரிக்கிறேன். அந்தாளு மூஞ்சியைப் பார்த்தா எனக்கே நம்பிக்கை வரல. வேற ஒருத்தனைக் காட்டுங்க, இவரை வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

பெஞ்சில் அமர்ந்திருந்த ஆதிமூலத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப்பையில் பேனா. மூன்று நாளாக எதையும் எழுதாத பேனா.

“அந்த நீல அட்டையைப் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டாள் நீலாஞ்சனா.

“பார்த்திருக்கேம்மா. ஆறு வரி. வரிக்கு நாலு வார்த்தை. மூணாவது வரியில ரெண்டாவது வார்த்தை, அதுல நடு எழுத்து பாதி அழிஞ்சிருக்கும்.”

பீமாராவ் தலையில் கை வைத்துக்கொண்டான். “அண்ணே, இதைப் போய் போலீஸ்ல சொல்லிடாதீங்க.”

“கேட்டாங்க. சொல்லிட்டேன்” என்றார் ஆதிமூலம்.

“என்னென்ன வார்த்தைன்னு சொல்ல முடியுமா?”

“இங்கிலீஷு எனக்கு வராதும்மா. பார்த்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். வெள்ளையா கோடு விழுந்து பாதி எழுத்து போயிருந்தது, அது மட்டும் கண்ணுல நின்னுது. எதுவா இருந்தாலும் கண்ணுல நின்னுடுது. அதுதான் இப்போ வினையா போச்சு.”

நீலாஞ்சனா நெடுநேரமாக இறுகியிருந்த முகத்தைத் தளர்த்தினாள். “வினை இல்லீங்க. இத்தனை பேர் பார்த்ததுல நீங்க ஒருத்தர்தான் சரியாப் பார்த்திருக்கீங்க. நான் அந்தக் கோட்டைக் கவனிக்கல.”

*

‘எழில் டிஜிட்டல் செல்வப் பயிலகம்’ பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. ஆவணி வெயிலில் செஞ்சிக் கோட்டையின் பாறை மலைகள் மூன்றும் ஊரை வறுத்துக்கொண்டிருக்க, எழிலன் கோட்டும் டையுமாக வரவேற்றான். முப்பது வயது. கழுத்து நாடாவில் அடையாள அட்டைக்குப் பதிலாக ஒரு ஹார்டுவேர் வாலட் தொங்கியது. கோயில் காளைக்கு மணி கட்டியது போல் இருந்தது.

“இவன் என் தம்பி மாதிரி” என்றாள் நீலாஞ்சனா. “பைபாஸ் ஓரமா நிலம் வித்த பணம் இருக்குது. பிட்காயின் வாங்கப் போறான். அதைக் காயிதத்துல வெக்கிறதா, கருவியில வெக்கிறதான்னு குழப்பம்.”

“நான் மாசத்துக்கு ஒரு போன் தொலைக்கிறவன் சார்” என்று பீமாராவ் தன் பங்கைச் சேர்த்தான்.

எழிலன் அவர்கள்மேல் இரக்கப்பட்டான். அந்த இரக்கத்தில் அரை கிலோ எகத்தாளம் இருந்தது.

“காயிதம். செல்லரிக்கும். மழையில நனையும். தீயில போகும். மை மங்கும். ஒருத்தன் போன்ல ஒரு போட்டோ எடுத்தா உங்க சொத்து அவன்து. அச்சடிச்சுக் குடுக்கிற கம்ப்யூட்டர்லயே ஒரு காப்பி இருந்தா, நீங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள காலி. ஹார்டுவேர் வாலட்ல சாவி சிப்பை விட்டு வெளியவே வராது. வைரஸ் இருக்கிற கம்ப்யூட்டர்ல சொருகினாலும் பயமில்ல. பின் நம்பரைத் தப்புத் தப்பாப் போட்டா தானே அழிச்சுக்கும். அழிஞ்சாலும் இருபத்து நாலு வார்த்தை இருந்தா மீட்டுக்கலாம்.” சுவரைக் காட்டினான். “அதைப் பாருங்க. என் முதல் வகுப்பே அதுல இருந்துதான் ஆரம்பிக்கும்.”

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பேப்பர் வாலட் இருந்தது. பாதியாக மடித்த காகிதம், மேல் பக்கத்தில் ஒரு கியூஆர் கட்டம். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில்: ‘முட்டாள்களின் பணப்பை’.

அவன் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. நீலாஞ்சனாவை எரிச்சல்படுத்தியது அதுதான். வங்கியில் அவள் பார்த்த மோசடிக்காரர்கள் உழைத்துப் பொய் சொன்னார்கள். இவன் உண்மையைச் சொல்லியே பிழைப்பு நடத்துகிற சோம்பேறி.

“ஒண்ணு காட்டுங்க” என்றாள்.

எழிலன் பளபளக்கும் முத்திரை ஒட்டிய புதுப்பெட்டி ஒன்றைப் பிரித்தான். உள்ளே கருவி. கூடவே நீல அட்டை.

“மத்தவங்க காலி அட்டையைக் குடுத்து உங்களையே எழுதச் சொல்வாங்க. கிராமத்து ஜனங்களுக்கு அது கஷ்டம். நாங்க எல்லாத்தையும் ரெடி பண்ணி, அச்சடிச்சே குடுத்துடறோம். சேவை.”

அவள் அட்டையை வாங்கினாள். சொற்கள் வேறு. ஆனால் மூன்றாவது வரியில், இரண்டாவது சொல்லில், நடு எழுத்தின் பாதியை ஒரு வெள்ளைக் கோடு தின்றிருந்தது.

“பீமா, கீழ போய் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா.”

“எதை மேடம்?”

“எதையாவது.”

அவன் ஒரு கணம் அட்டையைப் பார்த்தான். பிறகு படிகளில் இரண்டிரண்டாக இறங்கினான்.

“உங்க சொந்தப் பிட்காயின் எதுல வெச்சிருக்கீங்க?” என்று எழிலனிடம் கேட்டாள் நீலாஞ்சனா.

அவன் கழுத்துக் கருவியைத் தூக்கிக் காட்டினான். “இதுல. மூணு வருஷமா. தூங்கும்போதுகூடக் கழட்டறதில்ல.”

திரையின் மேல் கடையில் ஒட்டி வரும் பாதுகாப்புத் தாள் அப்படியே இருந்தது. மூலைகூடப் பிரியவில்லை. அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ‘சிறந்த பயிற்சியாளர்’ விருது ஒற்றை ஆணியில் கோணலாகத் தொங்கியது, மேலே விரல் கனத்துக்குத் தூசி. நாற்காலிகளிலும் தூசி. முட்டாள்களின் பணப்பை மட்டும் நான்கு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தது. கண்ணாடி அன்று காலை துடைத்தது போல் இருந்தது.

பீமாராவ் திரும்பி வந்தான். பின்னால் ஜெராக்ஸ் கடைப் பெண், கையில் போனுடன்.

“என் ஆதார் கார்டை மெஷின் நடுவுல வெச்சு எடுத்தேன் மேடம். என் மூக்குல பாதியைக் காணோம். மெஷினுக்குள்ள டிரம்முல கீறலாம், ஆறு மாசமா இருக்குதாம். எந்தத் தாள் எடுத்தாலும் அந்த இடத்துல கோடு விழும். இவங்க பேரு அனு. நீல அட்டை வேணும்னு கேட்டேன். ‘எழிலன் சார்துதானே, வார்த்தையை வாட்ஸப்புல அனுப்புங்க’ன்னாங்க.”

அனு எழிலனின் முகத்தைப் பார்த்து மிரண்டாள். “இன்னா சார் ஆச்சு? இங்கிலீஷ் பயிற்சி அட்டைன்னுதானே சொன்னீங்க? இதோட நாப்பத்தொண்ணு அடிச்சிருக்கேன். எல்லா லிஸ்ட்டும் இந்தப் போன்ல அப்படியே இருக்குது. பளபள ஸ்டிக்கரும் நாந்தான் அடிச்சேன்.”

எழிலன் டையைத் தளர்த்தினான். “இது... கம்பெனி அனுப்பற வார்த்தைதான். நான் அச்சடிக்கிறது மட்டும்தான்.”

“எந்தக் கம்பெனியும் அனுப்பாது” என்றாள் நீலாஞ்சனா. “நேர்மையான கருவி பிறக்கும்போது அதுக்குள்ள வார்த்தை இருக்காது. வாங்கினவர் முதல் தடவை ஆன் பண்றப்போ, அவர் கண்ணு முன்னாடி, அதுவே வார்த்தையை உண்டாக்கித் திரையில காட்டும். அவர் அதைக் கைப்பட எழுதிக்கணும். அதனாலதான் அட்டை காலியா வரும். வார்த்தை எழுதியே வருதுன்னா, வேற ஒருத்தனுக்கு அது முன்னாடியே தெரியும்னு அர்த்தம். நீ வித்தது ஹார்டுவேர் வாலட் இல்ல. ஊருக்கே நகல் எடுத்த பேப்பர் வாலட். கூட ஒரு பொம்மை.”

“நாப்பது பேருக்குப் பூட்டு வித்துட்டு, சாவியோட நகலைக் கீழ்க் கடையில அடிச்சிருக்கான்” என்றான் பீமாராவ். “அதுலயும் கஞ்சத்தனம். திண்டிவனம் போயிருந்தா நல்ல மெஷின் கிடைச்சிருக்கும்.”

எழிலன் சட்டென்று நிமிர்ந்தான். அவனுக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது.

“வார்த்தை தெரிஞ்சா திருடினேன்னு ஆயிடுமா? அந்தப் பொண்ணு போன்லயும்தான் வார்த்தை இருக்குது, அவளைக் கேளுங்க.” அவன் கழுத்து நாடாவைக் கழற்றி மேசையில் எறிந்தான். “இந்தாங்க என் வாலட்டு. போலீஸைக் கூப்பிடுங்க, திறந்தே காட்டறேன். வீரமணி சாரோட ஒரு பைசா இதுல இருந்தா என்னைத் தூக்கிட்டுப் போங்க.”

“வீரமணி பேரை நாங்க இன்னும் சொல்லலையே” என்றான் பீமாராவ்.

எழிலனின் கண்கள் மேசையில் இல்லை, நீலாஞ்சனாவிடம் இல்லை. ஒரு நொடி சுவருக்குப் போய் வந்தன.

அவள் அந்தக் கருவியைத் தொடக்கூட இல்லை. “இதுல எதுவும் இருக்காது. திரையில ஒட்டின தாளையே நீ இன்னும் உரிக்கல. உன் சரக்கை நீயே நம்பல.” நடந்து போய்ச் சுவரில் இருந்த சட்டத்தின் முன் நின்றாள். “விருதுக்கு ஒரு ஆணி. முட்டாள்களோட பணப்பைக்கு நாலு திருகாணி.”

“அது மாதிரிக்கு வெச்சது. மேடம், அது சும்மா பாடத்துக்கு...”

“பேப்பர் வாலட்ல ரெண்டு கட்டம் இருக்கும் பீமா. ஒண்ணு முகவரி. அதை யார் பார்த்தாலும் நஷ்டமில்ல, காசு அனுப்பறதுக்கு. இன்னொண்ணு சாவி. அதை மடிச்சு சுவர்ப் பக்கமா திருப்பி வெச்சிருக்காரு. முன்னாடி தெரியறது முகவரி. அதுக்கு என்னென்ன வந்ததுன்னு பொதுப் பதிவேட்டுல யார் வேணும்னாலும் பார்க்கலாம்.”

பீமாராவ் தன் போனைக் கண்ணாடிக்கு முன் நீட்டினான். கட்டத்தைப் படித்த போன் ஒரு பக்கத்தைத் திறந்தது. அவன் அதை வாய்விட்டுப் படித்தான்.

“கடைசி வரவு, ஞாயித்துக்கிழமை. மதியம் ரெண்டு நாப்பது. ஒன்றரை பிட்காயின்.”

வாரா வாரம் முப்பது பேரை உட்கார வைத்து, அந்தச் சட்டத்தைக் குச்சியால் தட்டித் தட்டிச் சிரிக்க வைத்தவன் எழிலன். கேலிப் பொருளை ஒருவரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அவன் கட்டிய கோட்டை. இப்போது அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கோட்டைக் கழற்றினான். உள்ளே சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“காயிதம்தானே மேடம் பாதுகாப்பு” என்றான் மெல்ல. “யாருக்கும் தெரியாம நாமே ஆஃப்லைன்ல அச்சடிச்சு, நாமே வெச்சுக்கிட்டா.”

“கருவியும் பாதுகாப்புதான். உன்கிட்ட வாங்காம இருந்தா” என்றாள் அவள்.

அரை மணி நேரத்தில் ராஜாங்கம் வந்துவிட்டார். எவரும் பின்பக்கத்தைப் படம் எடுத்துவிடாதபடி சட்டத்தைச் சுவரிலிருந்தே உறைக்குள் இறக்கி முத்திரை வைக்கச் செய்தாள் நீலாஞ்சனா. எழிலனின் வகுப்புப் பட்டியலைப் பார்த்து, கருவி வாங்கிய மற்றவர்கள் எல்லோரையும் அன்றே கூப்பிட்டு, கருவியில் இருப்பதை அழித்துப் புது வார்த்தை உண்டாக்கிப் பணத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லும் வேலை பீமாராவுக்கு. பாதிப் பேர் அவனைத்தான் மோசடிக்காரன் என்று திட்டிவிட்டு வைத்தார்கள். அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான்.

*

மாலை நான்கு மணிக்கு வீரமணி தன் காரில் காவல் நிலையம் வந்து சேர்ந்தார். நீதிமன்றம் மூலம் காசு திரும்பும் என்று ராஜாங்கம் சொன்னதும் முகம் மலர்ந்தது. மரத்தடியில் நின்ற ஆதிமூலத்தைப் பார்த்து, கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

“ஏறு. லோடு வந்து நிக்குது. நீ இல்லாம ஒரு கணக்கும் சரியா வரல.”

ஆதிமூலம் ஓர் அடி எடுத்து வைத்தார். மீனம்பாள் குறுக்கே கையை நீட்டினாள்.

“மில்லு வாசல்ல நாப்பது ஆளுங்க முன்னாடி இவரு சட்டையைப் புடிச்சு ‘திருட்டு நாயே’ன்னீங்க. அந்த நாப்பது பேரு முன்னாடியே வந்து சொல்லுங்க, இவரு எடுக்கலன்னு.”

“அதான் போலீஸே சொல்லிட்டாங்களேம்மா.”

“போலீஸு புடிக்கல. நீங்கதான் புடிச்சீங்க.”

வீரமணி உதவி தேடி நீலாஞ்சனாவைப் பார்த்தார். அவள் காவல் நிலையப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

மில் வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், வீரமணியின் காரும் பின்னாலேயே நீலாஞ்சனாவின் காரும் வந்து நின்றதும் வேலையை நிறுத்தினார்கள். ஆதிமூலம் இறங்கியதும் கூட்டம் தானாகக் கூடியது. வீரமணி வேட்டியைச் சரி செய்தார், தொண்டையைச் செருமினார், ஒரு சாக்கு மூட்டையைப் பார்த்துப் பேசினார்.

“ஆதிமூலம் எடுக்கல. வேற ஒருத்தன் எடுத்திருக்கான்.”

“கேக்கல மொதலாளி” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

இரண்டாம் முறை சொன்னார்.

“மெஷின் சத்தத்துல விழல மொதலாளி” என்றது இன்னொரு குரல். மெஷின் எப்போதோ நின்றிருந்தது.

மூன்றாம் முறை வீரமணி கத்தினார். எதிர்ப்புறம் டீக்கடையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். “ஆதிமூலம் திருடல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

ஆதிமூலம் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு மூட்டை தூக்குகிற ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லி விடைபெற்றார்.

“எங்க கிளம்பிட்ட? நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துருவல்ல?” என்றார் வீரமணி.

“மார்க்கெட் கமிட்டியில பவுனம்மாள் மண்டியில கணக்கு எழுதக் கூப்பிட்டிருக்காங்க. நேத்து சாயங்காலம் வீட்டுக்கே வந்து கேட்டாங்க. கேஸு முடியட்டும்னு கூடச் சொல்லல, முடியறதுக்கு முன்னாடியே கேட்டாங்க. நாளையிலேருந்து அங்க போறேன்.”

அவரும் மீனம்பாளும் பேருந்து நிலையம் இருக்கும் பக்கம் நடந்தார்கள். வழியில் அவள் போனில் மகளிடம் பேசத் தொடங்கினாள். நாளைக்குக் காலேஜுக்குக் கிளம்பு என்றாள்.

வீரமணி நீலாஞ்சனாவிடம் திரும்பினார். “பார்த்தீங்களா? இவ்ளோ செஞ்சும் நன்றி இல்ல.”

“இவ்ளோன்னா, இன்னா செஞ்சீங்க?” என்று கேட்டான் பீமாராவ். இந்த முறை அவன் கிண்டல் செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

வீரமணி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவர் ஒரு பதிலைக் கண்டுபிடிப்பதற்குள் ஆட்கள் மூட்டை ஏற்றப் போய்விட்டார்கள். நீலாஞ்சனா காரை எடுத்துவிட்டாள்.